மினிகம்ப்யூட்டரில் டைம்ஷேரிங்: யூனிக்ஸ் மட்டும்தானா கதை?

#1 ஆக்டல்

வணக்கம் நண்பர்களே. வேறொரு இழையில் ஒருவர், "மினிகம்ப்யூட்டர் காலத்தில் யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தவிர உருப்படியாக எதுவும் வரவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கேயே பதில் எழுதினால் பேச்சு திசைமாறும் என்பதால் தனி இழை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன இயந்திரத்தைப் பத்துப் பேருக்குப் பங்கிடும்போது, அதாவது டைம்ஷேரிங் செய்யும்போது, நேரத்தைப் பிரிப்பது பெரிய வேலையே இல்லை. கடிகாரத்திலிருந்து ஒரு இன்டரப்ட் (ஓடுவதை இடைமறிக்கும் சைகை) வந்தால் போதும், அடுத்தவருக்கு மாறிவிடலாம். கஷ்டமெல்லாம் காவலில்தான். ஒருவருடைய தப்பான புரோகிராம் இன்னொருவருடைய நினைவகத்தில் எழுதிவிடாமல், மானிட்டரையே (திரை அல்ல, இயந்திரத்தை ஆளும் மேற்பார்வைப் புரோகிராம்) கவிழ்த்துவிடாமல் யார் தடுப்பது? பெரிய இயந்திரங்களில் இதற்குப் பணம் இருந்தது. எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் என்ற டைம்ஷேரிங் சிஸ்டம், ஐபிஎம் 7094-இல் 32கே வேர்டு (இயந்திரம் ஒரே வீச்சில் கையாளும் அலகு) நினைவக வங்கி ஒன்றை முழுக்கத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, பயனர்களுக்கு இன்னொரு வங்கியைக் கொடுத்தது. மினிகம்ப்யூட்டர் என்ற சின்ன, விலை குறைந்த இயந்திரம் வாங்கியவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் ஒவ்வொரு குழுவும் காவலை வெவ்வேறு இடத்தில் நிறுத்தியது: வன்பொருளில், மொழியில், அல்லது எங்குமே இல்லாமல். ஒரு சிஸ்டத்தின் தரமும், அதன் வாரிசுகள் யார் என்பதும் பெரும்பாலும் இந்த முடிவிலிருந்தே வந்தவை என்பது என் கட்சி.

முதல் சாட்சி டிஎஸ்எஸ்/8, டெக் நிறுவனத்தின் பிடிபி-8 இயந்திரத்துக்கான டைம்ஷேரிங் சிஸ்டம். பிடிபி-8 வந்தது 1965-இல், விலை 18,500 டாலர். 12 பிட் வேர்டு, அடிப்படை நினைவகம் 4,096 வேர்டு. கூடுதல் பெட்டிகள் வாங்கினால் 4கே, 4கே ஆக 'ஃபீல்டு'களைச் சேர்த்து 32கே வரை போகலாம். கார்னகி மெலனில் கார்டன் பெல்லின் மாணவராக இருந்த ஏட்ரியன் வான் டி கூர் இதற்கு ஒரு காவல் முறையை முன்வைத்தார். அதன் மேல் 1968-இல் டிஎஸ்எஸ்/8 எழுந்தது.

அந்த முறையின் அழகைப் பாருங்கள். பயனர் நிலையில் ஓடும்போது 'ஐஓடி' வகைக் கட்டளை, அதாவது கருவிகளோடு பேசும் கட்டளை, வந்தால் இயந்திரம் அதை நிறைவேற்றாமல் மானிட்டரைக் கூப்பிடும். 'ஹால்ட்' வந்தாலும் அப்படியே. சரி, நினைவகத்துக்குக் காவல்? பிடிபி-8-இன் முகவரி 12 பிட்தான், 4,096-ஐத் தாண்டி எட்டவே எட்டாது. வேறு ஃபீல்டுக்குத் தாவ ஒரு தனிக் கட்டளை வேண்டும், அதுவும் ஐஓடி வகையிலேயே இருக்கிறது! ஆக ஒரே வகைக் கட்டளையைப் பிடித்துவிட்டால் கருவிகளுக்கும் காவல் கிடைத்துவிட்டது, நினைவகத்துக்கும் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு பயனருக்கும் 4கே கொண்ட ஒரு முழு பிடிபி-8 தனக்கே சொந்தமாக இருப்பது போன்ற தோற்றம். குறைந்தபட்சம் 12கே வேர்டும் ஒரு டிஸ்க்கும் போதும். 24கே இருந்தால் 17 பேர் சிரமமில்லாமல் வேலை செய்யலாம்.

யூனிக்ஸ் ஒரு வரிகூட எழுதப்படாத ஆண்டில் இது ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

#2 தறியோசை

ஆக்டல், டிஎஸ்எஸ்/8 பற்றி நீங்கள் எழுதியது அருமை. ஆனால் அதன் எல்லையும் அங்கேயே தெரிகிறது. 4கே தோற்றம் கொடுத்தார்கள், அந்த 4கே-க்கு வெளியே யாரும் வளரவே முடியாது. இயந்திரம் போனதும் சிஸ்டமும் கூடவே போய்விட்டது.

யூனிக்ஸின் பெருமையைக் காவலை வைத்து அளந்தால் அது தோற்கும், ஒத்துக்கொள்கிறேன். 1971-இல் பெல் ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவுக்காக பிடிபி-11/20-இல் ஓடியபோது அந்த இயந்திரத்தில் நினைவகப் பாதுகாப்பே இல்லை. மொத்தம் 24கே பைட்: 16கே சிஸ்டத்துக்கு, 8கே பயனருக்கு. டிஸ்க் அரை மெகாபைட். பக்கத்தில் தட்டச்சாளர்கள் காப்புரிமை விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருக்க, புதுப் புரோகிராம் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது என்று டென்னிஸ் ரிச்சி பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

ஆனாலும் அவர்கள் கட்டியது எப்படிப்பட்டது? கோப்பு என்றால் வெறும் பைட்டுகளின் வரிசை. கருவியும் கோப்பு மாதிரியே திறக்கும். ஷெல், அதாவது பயனரின் கட்டளைகளை வாங்கி ஓட்டுவது, யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதக்கூடிய சாதாரணப் புரோகிராம். 1973-இல் ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றுக்கு ஊட்டும் பைப் வந்தது, அதே ஆண்டில் சிஸ்டத்தின் உட்கருவான கெர்னலை சி மொழியில் திரும்ப எழுதினார்கள். 1974 ஜூலையில் வெளிவந்த கட்டுரையில், 40,000 டாலர் மட்டுமே விலையுள்ள வன்பொருளிலும் இது ஓடும், முக்கிய மென்பொருளுக்கு இரண்டு ஆள்-ஆண்டு உழைப்புகூட ஆகவில்லை என்று எழுதினார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தெளிவான அமைப்பை வேறு யார் கொடுத்தார்கள்?

வம்சாவளியும் நேர்கோடு: சிடிஎஸ்எஸ், அதிலிருந்து மல்டிக்ஸ் என்ற பெரிய டைம்ஷேரிங் சிஸ்டம், மல்டிக்ஸை விட்டு 1969-இல் பெல் ஆய்வகம் வெளியேறியதும் யூனிக்ஸ்.

#3 கணிமகள்

நேர்கோடு என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை, தறியோசை.

யூனிக்ஸின் உயிர்நாடி என்று எல்லோரும் சொல்லும் 'ஃபோர்க்', அதாவது ஓடும் புரோகிராம் தன்னைப் போலவே ஒரு பிரதியை உண்டாக்கும் வசதி, மல்டிக்ஸிலிருந்து வரவில்லை, பெர்க்லியிலிருந்து வந்தது. 1960-களின் நடுவில் அங்கே 'புராஜெக்ட் ஜீனி' குழுவினர் எஸ்டிஎஸ் 930 என்ற 24 பிட் இயந்திரத்தைத் திருத்தி டைம்ஷேரிங் சிஸ்டம் கட்டினார்கள். பட்லர் லாம்ப்சன், பீட்டர் டாய்ச், மெல் பர்ட்டில், சக் தாக்கர் எல்லாம் அந்தக் குழுதான். திருத்திய இயந்திரத்தையே எஸ்டிஎஸ் நிறுவனம் எஸ்டிஎஸ் 940 என்று விற்றது. 1968-இல் டக் எங்கல்பார்ட் மவுஸை உலகத்துக்குக் காட்டியபோது பின்னால் ஓடியதும் ஒரு 940. கென் தாம்சன் பெர்க்லியில் படித்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. டாய்ச்சும் லாம்ப்சனும் எழுதிய 'க்யூஇடி' எடிட்டரைத்தான் தாம்சன் பிறகு சிடிஎஸ்எஸ்-க்காக ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் வடிவத்தோடு திரும்ப எழுதினார். யூனிக்ஸின் 'ஈடி' அதன் பிள்ளை.

இப்போது ஃபோர்க் எப்படி நுழைந்தது என்று பாருங்கள், ஆக்டலின் வாதத்துக்கும் இது உதவும். யூனிக்ஸ் பிறந்த பிடிபி-7 இயந்திரத்தில் முதலில் டெர்மினலுக்கு ஒரு ப்ராசஸ் (ஓடும் புரோகிராம்), இரண்டு டெர்மினலுக்கு இரண்டே ப்ராசஸ். நினைவகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும், மற்றவர் டிஸ்க்குக்குப் போவார். அப்படிப் போட்டு எடுக்கும் நிரல் ஏற்கெனவே கையில் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் பிரதியை டிஸ்க்கின் ஸ்வாப் பகுதியில் எழுது, ப்ராசஸ் அட்டவணையில் ஒரு வரி சேர், அவ்வளவுதான், புதிய ப்ராசஸ் தயார். மொத்தம் 27 வரி அசெம்பிளி. நினைவகம் தாராளமாக இருந்திருந்தால் இத்தனை எளிதாக அது அமைந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. அதுவரை டைரக்டரி மாற்றும் 'சிஎச்டிஐஆர்' சாதாரணக் கட்டளையாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபோர்க் வந்த பிறகு அது வேலை செய்வதை நிறுத்திவிட்டது. பிள்ளை ப்ராசஸ் தன் டைரக்டரியை மாற்றிக்கொண்டு செத்துப்போகும், தாய் ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கும். இன்றும் 'சிடி' ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

#4 புதுவரவு

ஆக்டல் அண்ணா, கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடம் இந்த வருடம்தான் எடுக்கிறேன். ஒரு சந்தேகம். 12கே இயந்திரத்தில் மானிட்டர் போக மிச்சம் ஒரே ஒரு பயனருக்குத்தானே இடம்? அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் 4கே முழுவதையும் டிஸ்க்கில் எழுதி, அடுத்தவருடையதைப் படிக்க வேண்டும். மிக மெதுவாக இருக்காதா?

#5 ஆக்டல்

நல்ல கேள்வி தம்பி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

டிஎஸ்எஸ்/8 நிறையப் பேர் ஓட்டியது ஆர்எஃப்08 டிஸ்க்கில். இதில் ஹெட் நகராது, ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு ஹெட் நிலையாக நிற்கும். நிமிடத்துக்கு 1,800 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 33 மில்லிசெகண்டு. ஒரு டிராக்கில் 2,048 வேர்டு. ஆக 4,096 வேர்டுக்கு இரண்டு சுற்று, சுமார் 67 மில்லிசெகண்டு. எழுதவும் படிக்கவும் சேர்த்து சுமார் 134, தொடக்க இடம் சுற்றி வரும் வரை காத்திருப்பது தனி.

இன்றைய கண்ணுக்கு மெதுவுதான். ஆனால் மறுமுனையில் உட்கார்ந்திருப்பது எது? ஏஎஸ்ஆர்-33 டெலிடைப். அது செகண்டுக்குப் பத்து எழுத்து அடிக்கும், ஓர் எழுத்துக்கு 100 மில்லிசெகண்டு. பயனர் ஒரு வரி அடித்து முடிக்கப் பல செகண்டு ஆகும். அத்தனை நேரமும் அவருடைய புரோகிராம் நினைவகத்தில் இருக்கவே தேவையில்லை. அவர் அடிக்கும் எழுத்துகளை மானிட்டரே தன் பஃபரில் வாங்கி வைத்துக்கொள்ளும். அச்சடிக்க வேண்டியதும் அப்படித்தான், பஃபரில் போட்டுவிட்டு டிஸ்க்குக்குப் போய்விடலாம்.

நினைவகம் 16கே, 20கே, 24கே என்று ஏறும்போது இன்னொரு லாபம். ஒரு ஃபீல்டில் ஒருவர் ஓடிக்கொண்டிருக்க, மற்றொரு ஃபீல்டுக்கு அடுத்தவரை டிஸ்க்கிலிருந்து கொண்டுவரலாம். 24கே-யில் 17 பேர் என்று முதலில் சொன்னேனே, அதன் ரகசியம் இதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் நீண்ட கணக்கு ஓட்டினால் திணறும். வகுப்பில் ஃபோகல், பேசிக் என்ற எளிய மொழிகளில் சின்னச் சின்னக் கணக்கு போடும் மாணவர்களுக்கு அது தாராளம்.

#6 நெல்லைச்சீமை

பிடிபி-8-ஐ நான் அருங்காட்சியகத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் அடுத்த தலைமுறையில் வாழ்ந்திருக்கிறேன். 80-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் படித்தபோது கல்லூரியில் பிடிபி-11/70, அதில் ஆர்எஸ்டிஎஸ்/ஈ என்ற டைம்ஷேரிங் சிஸ்டம். அதைப் பற்றி இந்த இழையில் யாரும் பேசாமல் இருந்தால் மனசு கேட்காது.

டிஎஸ்எஸ்/8 நன்றாக விற்றதைப் பார்த்து, பிடிபி-11-க்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று டெக் முடிவு செய்தது. பாஸ்டனைச் சேர்ந்த எவன்ஸ் கிரிஃபித்ஸ் அண்ட் ஹார்ட் என்ற சின்ன நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். வந்தது ஆர்எஸ்டிஎஸ்-11. இயந்திரம் தறியோசை சொன்ன அதே பிடிபி-11/20, நினைவகப் பாதுகாப்பு இல்லாதது. பெல் ஆய்வகத்தில் காவல் இல்லாமலே துணிந்து ஓட்டினார்கள். இவர்கள் பள்ளிக்கும் வியாபாரத்துக்கும் விற்க வேண்டும், அந்தத் துணிச்சல் இங்கே செல்லாது. அதனால் காவலை மொழிக்குள் வைத்தார்கள். பயனர் எழுதக்கூடியது பேசிக்-பிளஸ் மட்டும். நீங்கள் ஒரு வரி அடித்து முடித்த கணமே அது 'புஷ்-பாப்' என்ற இடைநிலைக் குறியீடாக மாறிவிடும், பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஓடும்போது ஒவ்வொரு அடியும் இன்டர்பிரட்டர் வழியாகத்தான் போக வேண்டும். இயந்திர மொழியை யாரும் தொட முடியாது என்றால் அடுத்தவர் நினைவகத்தையும் தொட முடியாது.

நினைவக மேலாண்மை உள்ள பிடிபி-11/45, 11/40 வந்த பிறகு ஆர்எஸ்டிஎஸ்/ஈ வந்தது. இதன் 'ரன்-டைம் சிஸ்டம்' என்ற யோசனையை இன்றும் நான் உயர்வாக நினைக்கிறேன். ஒவ்வொரு பயனரின் வேலைக்கும் கீழே ஒரு ரன்-டைம் சிஸ்டம் இருக்கும். ஒருவர் பேசிக்-பிளஸில் இருப்பார். பக்கத்து டெர்மினலில் இருப்பவருக்கு அதே இயந்திரம் டெக்கின் இன்னொரு சிஸ்டமான ஆர்டி-11 மாதிரி நடந்துகொள்ளும், மூன்றாமவருக்கு ஆர்எஸ்எக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம் மாதிரி. அந்தந்த சிஸ்டத்துக்கு எழுதிய ஃபோர்ட்ரானும் அசெம்பிளரும் இங்கேயே ஓடும். இப்படி 63 வேலைகள் வரை.

உட்கார்ந்து 'ஹலோ' என்று அடித்தால் கணக்கு எண் கேட்கும். கமாவால் பிரித்த இரண்டு எண்கள், பிராஜெக்ட், புரோகிராமர். பாஸ்வேர்டு திரையில் தெரியாது. அப்புறம் 'ரெடி' என்ற ஒரே சொல் வந்து நிற்கும். அந்த இடத்தில் பேசிக் வரியும் அடிக்கலாம், சிஸ்டம் கட்டளையும் அடிக்கலாம். 'சிஸ்டாட்' ஓட்டினால் யார் எந்த டெர்மினலில் என்ன செய்கிறார்கள், எவ்வளவு நேரம் எடுத்திருக்கிறார்கள் எல்லாம் வரிசையாக வரும். முதலாண்டு மாணவனுக்கு அரை மணியில் கற்றுக்கொடுத்துவிடலாம். அதே வயதில் யூனிக்ஸ் முன் உட்கார்ந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

#7 தறியோசை

> காவலை மொழிக்குள் வைத்தார்கள்

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இது காவலுக்குக் கொடுத்த விலை ரொம்ப அதிகம் இல்லையா? பேசிக் மட்டும்தான் என்றால் அந்த சிஸ்டத்தின் எடிட்டரையும் கம்பைலரையும் பயனர் எப்படி எழுதுவார்? யூனிக்ஸில் அசெம்பிளர், சி கம்பைலர், 'ராஃப்', 'யாக்' போன்ற கருவிகள் எல்லாமே யூனிக்ஸின் மேல் உட்கார்ந்து யூனிக்ஸுக்காக எழுதியவை. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சக்தி இருந்தது. ஆர்எஸ்டிஎஸ்/ஈ அதைச் செய்ய முடிந்தது வன்பொருள் காவல் வந்த பிறகுதான், அதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

இன்னொன்று, ஒரே மொழிக்குள் அடைபட்ட சிஸ்டத்தை ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று சொல்லலாமா என்பதே எனக்குக் கேள்விதான்.

#8 மருந்துச்சீட்டு

சொல்லலாம். என் சம்பளமே அப்படிப்பட்ட ஒன்றின் வாரிசில்தான் வருகிறது. மருத்துவமனை மென்பொருள் துறையில் இருக்கிறேன்.

மும்ப்ஸ். பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆக்டோ பார்னெட்டின் ஆய்வுக்கூடத்தில், 1966-67-இல், நீல் பாப்பலார்டோ முதலியவர்கள் எழுதியது. இயந்திரம் எது தெரியுமா? பிடிபி-7. யூனிக்ஸ் பிறந்த அதே மாடல், இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே. மொழி, டைம்ஷேரிங் சிஸ்டம், தரவுத்தளம் மூன்றும் ஒன்றாகவே இருந்தன, கீழே வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம் கிடையாது. இதன் வேரும் தனி: ராண்ட் நிறுவனத்தில் கிளிஃப் ஷா எழுதிய ஜாஸ் மொழி, அதிலிருந்து பிபிஎன் நிறுவனத்தின் டெல்காம்ப், அதிலிருந்து மும்ப்ஸ். மல்டிக்ஸ் பக்கமே போகவில்லை.

வார்டில் ஒருவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பதிவார், ஆய்வகத்தில் இன்னொருவர் அதே நோயாளியின் விவரத்தைத் திறப்பார். எல்லோருக்கும் ஒரே தரவு வேண்டும், ஆனால் ஒருவர் புரோகிராம் மற்றவரைக் கெடுக்கக் கூடாது. இன்டர்பிரட்டர் காவல் பார்த்துக்கொண்டது. தரவுக்கு அவர்கள் கண்ட வழி இன்னும் என்னை வியக்க வைக்கிறது:

செட் ^நோயாளி(1024,"சர்க்கரை")=140

முன்னால் அந்தக் கூரைக்குறி இருக்கிறதல்லவா, அது இருந்தால் அந்த அரே நினைவகத்தில் இல்லை, டிஸ்க்கில் நிரந்தரமாக, அனுமதி உள்ள எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. கோப்பைத் திற, படி, எழுது, மூடு என்ற சடங்கே கிடையாது. கட்டளைகளை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதலாம் என்பதும் நினைவகப் பஞ்சத்துக்கு ஏற்ற ஏற்பாடு. புரோகிராம் எழுத்தாகவே நினைவகத்தில் இருக்கும், எழுத்து குறைந்தால் இடம் மிச்சம். வெளியாட்கள் இந்த நிரலைப் பார்த்துப் படிக்கவே முடியவில்லை என்பார்கள். 4கே, 8கே கணக்கில் பார்த்தால் அந்தச் சுருக்கத்தின் நியாயம் புரியும்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் விஸ்டா மென்பொருள், 1979-இல் தொடங்கிய எபிக் நிறுவனத்தின் மென்பொருள், இரண்டும் இந்த வம்சம். இன்றும் ஓடுகின்றன. தறியோசை, வாரிசு பற்றிப் பேசினால் யூனிக்ஸுக்கு அடுத்து உயிரோடு வருமானம் ஈட்டும் மினிகம்ப்யூட்டர் பரம்பரை இதுதான் என்பேன்.

#9 மேற்குமாம்பலம்

எச்பி 2000-ஐ விட்டுவிட்டீர்களே! 1968-இல் முதல் மாடல், 16 பேர், பேசிக் மட்டும். பின்னால் வந்த மாடல்களில் இரண்டு பிராசஸர் வைத்தார்கள்: ஒன்று பேசிக் ஓட்ட, மற்றொன்று டெர்மினல் எழுத்துகளை வாங்கிக் கொடுக்க மட்டும். அப்போது 32 பேர் வரை தாங்கியது. பங்கிட்ட இந்த முறைக்கு முன்னோடி டார்ட்மத் கல்லூரி. 1964 மே 1-இல் கெமனியும் கர்ட்ஸும் பேசிக்கைத் தொடங்கியபோதே ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) இயந்திரத்தோடு டேட்டாநெட்-30 என்ற இன்னொரு இயந்திரத்தை டெர்மினல் வேலைக்கு என்று வைத்திருந்தார்கள்.

இதன் பெருமை அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில்தான். 1971 டிசம்பரில் மினியாபொலிஸில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள் ஆரிகன் டிரெயில் விளையாட்டை எழுதியது எச்பியின் இந்த டைம்ஷேர்டு பேசிக்கில்தான். திரை கிடையாது, எல்லாம் டெலிடைப் காகிதத்தில். வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்ததை வைத்துத் தரத்தை அளந்தால் யூனிக்ஸ் அந்தக் காலத்தில் போட்டியிலேயே இல்லை.

#10 கணிமகள்

இன்னொரு கிளையைச் சொல்ல வேண்டும், கோப்புப் பெயரின் கிளை.

பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்றெழுத்து எழுதுகிறோமே, அது எங்கிருந்து வந்தது? டெக்கின் 36 பிட் இயந்திரங்கள், 1964-இன் பிடிபி-6, பிறகு பிடிபி-10. இவை மினி இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன், ஆனால் பழக்கமெல்லாம் இங்கிருந்தே மினிகளுக்கு இறங்கியது. 6 பிட்டில் ஓர் எழுத்து என்று வைத்தால் 36 பிட் வேர்டில் சரியாக ஆறு எழுத்து. அரை வேர்டில் மூன்று. அதனால் பெயர் ஆறு, பின்னொட்டு மூன்று. 16 பிட் பிடிபி-11-க்கு வந்தபோது இந்தக் கணக்கு உடையும் போல இருந்தது. எழுத்துகளை 40 குறியாகக் குறைத்தார்கள். 40 பெருக்கல் 40 பெருக்கல் 40 என்றால் 64,000, இது 65,536-க்குள் அடங்கும். ஆக ஒரு வேர்டில் மூன்று எழுத்து, மூன்று வேர்டில் மறுபடியும் ஆறும் மூன்றும். 40-ஐ ஆக்டலில் 50 என்று எழுதுவதால் இதற்கு 'ரேடிக்ஸ்-50' என்று பெயர். கேரி கில்டால் மைக்ரோகம்ப்யூட்டர்களுக்கான சிபி/எம் சிஸ்டத்தை எழுதியபோது பெயரை எட்டாக நீட்டினார், பின்னொட்டு மூன்றாகவே தங்கிவிட்டது. நகல் எடுக்கும் 'பிப்' கட்டளையையும் பிழைதேடும் 'டிடிடி'யையும்கூட டெக்கிலிருந்தே எடுத்துக்கொண்டார். அதிலிருந்து 86-டாஸ், எம்எஸ்-டாஸ். உங்கள் மடிக்கணினியில் இருக்கும் ".டிஎக்ஸ்டி" ஒரு 36 பிட் வேர்டின் பாதி.

யூனிக்ஸ் இதில் வேறு வழி போனது. ஆறாம் பதிப்பில் டைரக்டரியின் ஒரு வரி 16 பைட்: 2 பைட் ஐ-நோடு எண் (கோப்பின் அடையாள எண்), 14 பைட் பெயர். புள்ளிக்குத் தனி மரியாதை இல்லை.

பிடிபி-10-இல் ஓடிய டெனெக்ஸ் என்ற சிஸ்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. பிபிஎன்-இல் எஸ்டிஎஸ் 940 பழகியவர்கள் கட்டியது. பாதிப் பெயர் அடித்து எஸ்கேப் அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். கார்னகி மெலனில் கென் கிரீர் அதைப் பார்த்து யூனிக்ஸின் சி ஷெல்லுக்குச் சேர்த்ததுதான் 'டிசிஎஸ்எச்', முதல் எழுத்து டெனெக்ஸுக்காக. கண்ட்ரோல்-டி (Ctrl-T) அழுத்தினால் ஓடும் வேலையின் நிலையை ஒரே வரியில் சொல்வதும் டெனெக்ஸ் வழக்கம். பிஎஸ்டி என்ற பெர்க்லி யூனிக்ஸிலும் மேக்கிலும் இன்றும் உண்டு, லினக்ஸில் ஏனோ எடுத்துக்கொள்ளவில்லை.

#11 புதுவரவு

கணிமகள் அக்கா, அப்படியென்றால் விண்டோஸும் டெக் வம்சம்தானா?

#12 நெல்லைச்சீமை

அக்காவுக்குப் பதில் நான் சொல்கிறேன் தம்பி. பெயரிடும் முறை டாஸ் வழியாக வந்தது. உள்கட்டமைப்பு வேறு வழி. டேவ் கட்லர் பிடிபி-11-க்கு ஆர்எஸ்எக்ஸ்-11எம் எழுதினார். பிறகு 1977-இல் வாக்ஸ்-11/780-உடன் வந்த விஎம்எஸ்-இல் முக்கியப் பங்கு. 1988-இல் மைக்ரோசாஃப்ட் போனார், 1993-இல் விண்டோஸ் என்டி 3.1. உன் கணினியில் இப்போது ஓடும் விண்டோஸ் அந்த என்டியின் தொடர்ச்சி.

ஆனால் கவனி, ஆர்எஸ்எக்ஸ் முதன்மையாக டைம்ஷேரிங் சிஸ்டம் இல்லை. ஆலைகளில் கருவிகளை நேரம் தவறாமல் இயக்குவதற்கு எழுதியது. முன்னுரிமை எண்ணுக்குத்தான் அங்கே மதிப்பு, எல்லோருக்கும் சம பங்கு என்பது பிறகு சேர்ந்தது. உள்ளீடு-வெளியீட்டைக் கேட்டுவிட்டுக் காத்திருக்காமல் அடுத்த வேலையைத் தொடர்வது அங்கிருந்து விஎம்எஸ்-க்கும் என்டிக்கும் வந்த குணம். யூனிக்ஸில் 'ரீட்' கேட்டால் வரும் வரை ப்ராசஸ் தூங்கும். இரண்டு வீட்டின் வளர்ப்பும் வேறு.

#13 தறியோசை

இத்தனையும் படித்த பிறகும் என் இடத்தை விட்டு நகர மாட்டேன், ஆனால் காரணத்தை இன்னும் தெளிவாகச் சொல்ல முடிகிறது. யூனிக்ஸ் நிலைத்ததற்குக் காரணம் மூலநிரல் கைமாறியது.

1956-இன் நீதிமன்ற ஏற்பாட்டால், பெல் ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி கணினி வியாபாரத்தில் இறங்க முடியாத நிலை. பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த தொகைக்கு மூலநிரலோடு கொடுத்தார்கள். ஆறாம் பதிப்பின் கெர்னல் ஏறத்தாழ 9,000 வரிதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் அதை வரிவரியாகப் பாடமாகவே நடத்தினார். ஒரு மாணவர் ஒரு பருவத்தில் முழு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் படித்து முடிக்கலாம் என்பதை யோசித்துப் பாருங்கள். அதே நாட்டில் வொலாங்காங்கில் ரிச்சர்டு மில்லர் அதை இன்டர்டேட்டா 7/32 இயந்திரத்துக்கு மாற்றினார். தாம்சன் 1975-76-இல் பெர்க்லியில் ஓராண்டு இருந்தார், அங்கிருந்து பில் ஜாயின் பிஎஸ்டி கிளை. கணிமகள் சொன்னபடி ஃபோர்க் எங்கிருந்து வந்ததோ அதே ஊருக்குத் திரும்பியும் போனது.

ஆர்எஸ்டிஎஸ்/ஈ இதைவிட வசதியானது என்றே வைத்துக்கொள்வோம். அதை பிடிபி-11-ஐ விட்டு வெளியே கொண்டுபோக யாரால் முடிந்தது? கெர்னல் முழுக்க மேக்ரோ-11 அசெம்பிளி. எனக்குத் தரம் என்பதில் இதுவும் சேரும்.

#14 ஆக்டல்

தறியோசை, மூலநிரல் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது பரவியதற்கான காரணம். அன்று காலையில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த பயனருக்கு எது நன்றாக உழைத்தது என்பது வேறு கேள்வி. 1971-இல் என்னிடம் ஒரு 11/20-ஐயும் 16 மாணவர்களையும் கொடுத்திருந்தால் யோசிக்காமல் ஆர்எஸ்டிஎஸ்-11 என்றே சொல்லியிருப்பேன். மருத்துவமனையைக் கொடுத்திருந்தால் மும்ப்ஸ். புதுக் கம்பைலர் எழுத வேண்டும், கூட நம்பிக்கையான நான்கு பேர் மட்டும் என்றால் யூனிக்ஸ். யாரிடமிருந்து யாரைக் காக்க வேண்டும் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

புதுவரவு, படிப்பதோடு நிறுத்தாமல் ஓட்டிப் பார். பாப் சுப்னிக் தொடங்கிய சிம்எச் எமுலேட்டர் (பழைய இயந்திரங்களைப் போல நடிக்கும் மென்பொருள்) இலவசம். டிஎஸ்எஸ்/8, ஆர்எஸ்டிஎஸ்/ஈ, யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு மூன்றுக்கும் டிஸ்க் பிரதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பிடிபி-7 யூனிக்ஸைக்கூடப் பழைய அச்சுப் பிரதிகளிலிருந்து 2016-இல் மீட்டு எமுலேட்டரில் ஓடவைத்துவிட்டார்கள். 27 வரி ஃபோர்க்கின் எளிமை எப்படிப்பட்டது என்று அதன் நிரலைத் திறந்தே தெரிந்துகொள்ளலாம்.

டிஎஸ்எஸ்/8-இல் முதலில் இதைச் செய். இரண்டு டெர்மினல் ஜன்னல் திற. ஒன்றில் ஃபோகலில் ஒரு நீண்ட கூட்டல் ஓடட்டும். மற்றொன்றில் பால்-டி அசெம்பிளரில் 'ஹால்ட்' கட்டளை ஒன்று மட்டும் உள்ள புரோகிராமை எழுதி ஓட்டு. காவல் இல்லாத பிடிபி-8-இல் அது மொத்த இயந்திரத்தையும் நிறுத்திவிடும். இங்கே உன் ஜன்னலில், அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் மானிட்டரின் புள்ளி திரும்பி வரும், பக்கத்து ஜன்னலில் கூட்டல் தொடரும்.

பிரைமோஸ், டேட்டா ஜெனரல் ஏஓஎஸ், எச்பி 3000-இன் எம்பிஈ இவற்றில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். இந்த இழையில் அந்தப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.

#15 மேற்குமாம்பலம்

எம்பிஈயில் சில காலம் வேலை பார்த்திருக்கிறேன். அதன் ஸ்டேக் வன்பொருள் காவல் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இந்த வாரக் கடைசியில் போடுகிறேன்.